பாதிக் காசில் வாங்கிய புத்தகம்

நர்ஸ் கேப்புக்குக் கஞ்சி போடுகிற வேலை இன்றைக்கு நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. பல ஆஸ்பத்திரிகளில் கேப்பே போய்விட்டது. ஜவ்வரிசி கண்ணாடிபோலக் கரையும்வரை காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கை பொறுக்கிற சூட்டில் கேப் துணியை முக்கி எடுக்க வேண்டும். பிழியக் கூடாது. சொட்டச் சொட்டக் கொண்டுபோய் ஜன்னல் கண்ணாடியில் அப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேய்த்துக் காற்றை வெளியே தள்ள வேண்டும். காலையில் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினால் மொத்தமும் அட்டைபோல உரிந்து வரும். இஸ்திரி வேண்டாம்.

இதை நான் கற்றுக்கொண்டது 1996 நவம்பரில், ஓர் இரவு, ஹாஸ்டலின் பின்கட்டில். அன்று சாயங்காலமே என் தகரப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவதாக இருந்தேன்.

இத்தனை வருஷம் கழித்தும், பாயசத்துக்கு ஜவ்வரிசி கொதிக்கிற வாடை வந்தால் நான் நிற்கிற அடுப்படி மறந்துபோகிறது. அந்தப் பின்கட்டின் சிமெண்டுத் தரை, துணி துவைக்கிற கல், நாற்பது வாட்ஸ் பல்பு, ஜன்னல் நிறைய ஒட்டிக்கிடந்த வெள்ளைக் கேப்புகள், அவற்றுக்கு நடுவே நின்ற ஒரு அக்கா. அங்கேதான் போய் நிற்கிறேன்.

ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே கரிசக்காட்டு ஊர் என்னுடையது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போவாள். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. பிளஸ் டூவில் நல்ல மார்க் வந்தது. தென் மாவட்டத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியை ஒட்டிய நர்ஸிங் ஸ்கூலில் மூன்று வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்தது. படிக்கிறபோதே மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய சேதி. ஆச்சி மட்டும், "கன்னிப்பிள்ளைக்கு வெள்ளச் சேலயாட்டி?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

போன இடத்தில் எல்லாம் ஆங்கிலம். மண்ணீரல், கணையம், பித்தப்பை, விலா எலும்பு என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தவைதான் அத்தனையும். உறுப்பு எனக்குத் தெரியும், அதன் பேர் தெரியாது. தெரிந்த ஆட்களெல்லாம் ஒரே ராத்திரியில் பேரை மாற்றிக்கொண்ட ஊருக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. அனாட்டமி வகுப்பில் குறிப்பெடுக்கச் சொன்னால், காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, ராத்திரி அதற்கு ஆங்கில எழுத்துத் தேடுவேன். ஒரு பக்கக் குறிப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் ஹாஸ்டலில் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

பக்கத்துக் கட்டில்காரிக்குச் சங்கரன்கோவில் பக்கம். அவளும் தமிழ் வழிதான், ஆனால் என்னைவிடச் சூட்டிகை. பாடப்புத்தகம் ராஸ் அண்ட் வில்சன். 1963-ல் முதல் பதிப்பு வந்த அனாட்டமி புத்தகம். எனக்கு முன்னும் பின்னும் எத்தனையோ வரிசை நர்ஸுகள் அதைத்தான் படித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு புத்தகம் வாங்க எங்கள் இருவருக்கும் வசதி இல்லை. பாதிக்குப் பாதி காசு போட்டுப் பழைய புத்தகக் கடையில் ஒன்று வாங்கினோம். அவள் பென்சிலால் கோடு போடுவாள், நான் நீலப் பேனாவால். அவள் போட்ட கோட்டுக்கு மேலேயே நானும் போட்டுவிட்டு, "இது என்னட்டி?" என்று கேட்பேன். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கையையே நீட்டி, "இது ரேடியஸ், இது அல்னா. கட்டைவிரல் பக்கம் ரேடியஸ்னு வச்சுக்கோ" என்பாள். இன்று வரைக்கும் எனக்கு ரேடியஸ் என்றால் அவளுடைய கைதான்.

முதல் டெஸ்டில் நூற்றுக்கு எனக்கு 23, அவளுக்கு 31. பேப்பரைக் கொடுக்கிறபோது பேர் சொல்லி, மார்க் சொல்லி, எழுந்து நிற்கச் சொன்னார்கள். டியூட்டர் ஒருவர், "தமிழ் மீடியத்துப் பிள்ளைகள எதுக்குத்தான் எடுக்காங்களோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அறுபது பேருக்கு இரண்டு டியூட்டர். காலையில் வகுப்பு, அப்புறம் வார்டு ரவுண்ட், சாயங்காலம் ஆபீஸ் பேப்பர் என்று அவருக்கும் மூச்சுவிட நேரம் இல்லை. அது இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அந்த வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை சங்கரன்கோவில்காரியின் அப்பா ஒரு மஞ்சப்பையோடு வந்து ஹாஸ்டல் கேட்டில் நின்றார். "அம்மைக்கு மேலுக்கு முடியலயாம், போயிட்டு வாரேன்" என்று அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். அம்மைக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். முந்தின ராத்திரி அவள் போர்வைக்குள் அழுததும் தெரியும். நானும் அழுதுகொண்டு கிடந்ததால் எழுந்து போகவில்லை. புத்தகத்தை என் தலைகாணி மேல் வைத்துவிட்டுப் போனாள். வார்டன் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். ஏன் போகிறாய் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்து இரண்டு வாரத்தில் என் முறை வந்தது. டி.பி. நோயாளி ஒரு அம்மாவுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அந்த அம்மா எலும்பும் தோலுமாக இருந்தார்கள். ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகிய கை, மனுஷ உடம்பைக் கண்டதும் நடுங்கிவிட்டது. ஊசி பாதிதான் உள்ளே போனது. அழுத்தியதும் மருந்து தோலோரம் வழிந்தது. அந்த அம்மா "ஐயோ" என்று கத்தினார்கள். என் கையிலிருந்து ட்ரேயைப் பிடுங்கிய ஒருவர், வார்டே கேட்க, "கைக்கு வேலையும் வரல, மண்டைக்குப் பாடமும் ஏறல" என்றார். பெட்டியைக் கட்டியது அன்று சாயங்காலம்தான்.

மூன்றாம் வருஷத்து அக்கா ஒருத்தி, அம்பாசமுத்திரத்துக்காரி. அவளுக்கும் எனக்கும் அதுவரை பேச்சே இல்லை. இருட்டில் பின்கட்டுப் படியில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. "ஏட்டி, சும்மாதான இருக்க? நாளைக்குக் கேப்புக்குக் கஞ்சி போடணும். வந்து ஒரு கை பிடி" என்றாள்.

கஞ்சி கொதிக்கிற நேரத்தில் அவளே பேச ஆரம்பித்தாள். முதல் வருஷம் அவள் இரண்டு பாடத்தில் பெயிலாம். திருப்பி எழுதித்தான் பாஸாம். அதை அவள் ஒரு ரகசியம்போலச் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். கேப்பை ஜன்னலில் ஒட்டுகிறபோது, "நெஃப்ரைட்டிஸ்னா என்ன?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். கஞ்சி பட்ட விரலால் கண்ணாடியிலேயே அந்தச் சொல்லை எழுதி, நடுவில் ஒரு கோடு கிழித்தாள்.

"முன்பக்கம் நெஃப்ர. அது சிறுநீரகம். பின்பக்கம் ஐட்டிஸ். அப்படி முடிஞ்சா அந்த இடம் அழன்டு போயிருக்குன்னு அர்த்தம். இப்ப பின்பக்கத்த அழிச்சிட்டு எக்டமின்னு போடு. அறுத்து வெளிய எடுத்தாச்சு. ஆஸ்டமின்னு போடு. வெளிய ஒரு வாசல் வச்சிருக்காங்க. இனி முன்பக்கத்த மாத்து. ஹெபட்னா கல்லீரல். கார்டின்னா இதயம். கேஸ்ட்ர-ன்னா வயிறு. நூறு வார்த்தைய மனப்பாடம் பண்ணாத பிள்ள. முப்பது துண்டு தெரிஞ்சா முந்நூறு வார்த்தை தெரியும்."

கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் என்ன என்று அவள் கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். அந்த ஊருக்கு வந்து நானாகக் கண்டுபிடித்த முதல் சொல் அது. டாக்கி வேகம், ப்ராடி மெதுவு, ஹைப்போ குறைச்சல், ஹைப்பர் கூடுதல் என்று மணி பதினொன்றரை வரை ஜன்னலில் எழுதி எழுதி அழித்தோம். காலையில் கேப்பை உரித்து அவளிடம் கொடுத்துவிட்டு, போய்ப் பெட்டியை அவிழ்த்தேன்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் பின்கட்டில் பாடம். அவளுடைய பழைய நோட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இடது பக்கம் துண்டு, வலது பக்கம் தமிழ். நோட்டின் பின்னாலிருந்து இருபது பக்கம் காலியாக விட்டிருந்தாள். "உனக்குக் கிடைக்கிறத நீ எழுது" என்றாள்.

வெகுகாலம் கழித்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பற்றிப் படித்தேன். அங்கே சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்திருக்கிறார். உடற்கூறு முதலான பாடநூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, அதற்கான சொற்களையும் உண்டாக்கியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் வெட்டிய வாய்க்கால் இருந்திருக்கிறது. எங்களுக்கு அது வந்து சேரவில்லை. எங்களுக்கு வந்து சேர்ந்தது கஞ்சி விரலோடு ஒரு அக்கா.

பாடம் அக்காவால் வந்தது. வேலை வந்தது ஒரு வார்டு சிஸ்டரால்.

பெண்கள் மெடிக்கல் வார்டு. அந்த சிஸ்டர் நாகர்கோவில் பக்கம். ஐம்பது வயது இருக்கும். எல்லாரையும் "மக்கா" என்பார்கள். நான் ஊசியில் சொதப்பியது வார்டெல்லாம் தெரிந்த கதை, அவர்களுக்கும் தெரியும். என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு டூட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால வா மக்கா" என்றார்கள். போனேன். அதே டி.பி. அம்மாவின் கட்டிலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்குக் கால் பின்னியது.

"முதல்ல அவங்கள்ட்ட பேசு. அன்னைக்கு வலிச்சிட்டுதாம்மான்னு கேளு."

கேட்டேன். அந்த அம்மா, "ஆமா தாயி. இன்னைக்குப் பார்த்துப் போடு" என்றார்கள். அவ்வளவுதான். இரண்டு வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது அந்த இடத்தில் இறங்கிப் போனது.

பிறகு சிஸ்டர் இடம் காட்டினார்கள். பிட்டத்தை மனசுக்குள் நாலாகப் பிரித்து, மேலே, வெளிப்பக்கக் கால்பகுதியில்தான் போட வேண்டும். உள்பக்கம் போனால் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு இருக்கிறது. இது புத்தகத்திலும் இருந்தது. இந்த அம்மாவைப்போல மெலிந்த உடம்பில் தசையைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் குத்த வேண்டும் என்பதைக் கைப்பட அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் சிரிஞ்சைப் பிடித்ததும் அவர்கள் தன் கையை என் கைக்குக் கீழே, ஒரு விரல் இடைவெளி விட்டு நீட்டிவைத்தார்கள். தொடவில்லை. பிடிக்கவில்லை. விழுந்தால் தாங்க ஒரு கை இருக்கிறது என்று என் கைக்குத் தெரிந்தது. அதற்கு அப்புறம் அது நடுங்கவில்லை.

அந்த ஒரு விரல் இடைவெளிக்குத்தான் நான் இன்று வரை ஏங்குகிறேன். கையைப் பிடித்திருந்தால் வேலை அவர்களுடையதாகப் போயிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்கும். எத்தனை தூரத்தில் நிற்பது என்று அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டேன்.

டிரிப் கணக்கும் அவர்களிடம்தான். அரை லிட்டர் பாட்டில் நாலு மணி நேரத்தில் இறங்க வேண்டும், நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? நான் நோட்டில் சூத்திரம் எழுதிப் பெருக்கி வகுத்துக்கொண்டிருப்பேன். "மணிக்கு எவ்வளவு வருது?" 125 மில்லி. "நம்ம செட்டுல ஒரு மில்லிக்கு 20 சொட்டு. அப்ப மூணால வகுத்திரு." 41 சொச்சம், 42 சொட்டு. "பிள்ளைகளுக்குப் போடுற சின்ன செட்டுல மில்லிக்கு 60 சொட்டு. அதுல வகுக்கவே வேண்டாம். மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு." ஏன் மூன்று என்று என்னையே யோசிக்க விட்டார்கள். அறுபது நிமிஷத்தை இருபதால் வகுத்தால் மூன்று என்று எனக்கு விளங்க இரண்டு நாள் ஆனது. விளங்கியதும் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப இனி மறக்காது" என்றார்கள்.

டூட்டி மாறி ஓவர் கொடுக்கும்போது பெட் நம்பர் சொல்ல விடமாட்டார்கள். "ஏழாம் பெட்டு" என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார்கள். "யாரு?" கயத்தாறு ஆச்சி. "ஆங், கயத்தாறு ஆச்சிக்கு என்ன?" ஊரும் வயதும் சொன்ன பிறகுதான் நோய். கட்டில் மாற்றும்போது மருந்து மாறிப்போகாமல் இருக்க அது எவ்வளவு பெரிய காவல் என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

ஒரு நைட் டூட்டியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பூச்சிமருந்து குடித்த பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். எங்கள் கரிசக்காட்டு ஆஸ்பத்திரிகளில் அந்தக் காலத்தில் இந்தக் கேஸ் வராத வாரம் கிடையாது. கல்யாணமாகி நாலு மாதம். என் வயது. வயிற்றைக் கழுவி வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வேர்வை, வாயில் நுரை, நெஞ்சில் களகளவென்ற சத்தம், கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கிக் கிடந்தது. டாக்டர் அட்ரோபின் எழுதியிருந்தார். சிஸ்டர் என்னை அந்தக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள்.

"கால் மணிக்கொரு தடவ நாலு இடம் பாரு. கண்மணி விரியுதா. நாடி எண்பதுக்கு மேல வந்துட்டா. நெஞ்சுல ஈரச் சத்தம் குறையுதா. நாலாவது, அக்குள்ல கைய வச்சுப் பாரு. காய்ஞ்சிருக்கணும். மருந்து போதும்னு அக்குளும் சொல்லும். காய்ச்சல் வந்து, பிதற்றி, போர்வையப் பிடுங்க ஆரம்பிச்சா மருந்து கூடிப் போச்சு. உடனே என்னைக் கூப்பிடு."

அந்த ராத்திரி முழுக்க ஒரு தாளில் நேரம் போட்டு எழுதினேன். பத்தே காலுக்கு ஈரம். பத்தரைக்கு ஈரம். சிஸ்டர் வார்டைச் சுற்றிவிட்டு ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து, தன் கையையும் வைத்துப் பார்ப்பார்கள். நான் எழுதியது சரிதான் என்று தலையை அசைப்பார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு என் விரல் காய்ந்த தோலைத் தொட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டரைக் கூப்பிட்டு மருந்தைக் குறைத்தார்கள். விடியற்காலம் அந்தப் பெண் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் என்னை வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், பிளாஸ்கிலிருந்து கட்டங்காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்: "ஏன் குடிச்சேன்னு இன்னைக்கு அவள்ட்ட கேக்காத மக்கா. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. நீ அவ ஊரு எது, சின்னப்பிள்ளையில என்ன விளையாடினான்னு கேளு. மத்தத அவளே சொல்லுவா. சொல்லும்போது பக்கத்துல இரு."

நான்காம் நாள்தான் அவள் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

1999-ல் படிப்பு முடிந்தது. கொஞ்ச காலம் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பிறகு ஒன்பது வருஷம் ஓமன். அங்கே புது நர்ஸ் சேர்ந்தால் அவளோடு ஒரு பழைய நர்ஸைக் கோத்துவிடுவார்கள். ப்ரிசெப்டர் என்று பேர். இத்தனை வாரம் கூடவே இருக்க வேண்டும், இன்னின்ன வேலை தெரியும் என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வந்த ப்ரிசெப்டர் கேரளத்துச் சேச்சி, நல்ல பொறுமை. முதல் நாளே நினைத்துக்கொண்டேன்: நம் பின்கட்டிலும் மெடிக்கல் வார்டிலும் பேர் இல்லாமல் நடந்ததற்கு இங்கே பேரும் உண்டு, நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள், அதைச் செய்வது ஒருவருடைய வேலை என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து மேற்படிப்புப் படித்து டியூட்டரானபோது பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது எல்லாருக்கும் தெரியும். பிற்பாடு அங்கே ஹோம் சிஸ்டர் என்று ஒரு பதவி வந்திருக்கிறது. வார்டு வேலை முடிந்து விடுதிக்கு வரும் பயிற்சி நர்ஸுகளோடு இருந்து, பாடத்தில் தடுமாறுகிறவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. சென்னையில் 1871-ல் அரசுப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியபோது மாணவிகள் நான்கு பேர் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. நான்கு பேரில் ஒருத்தி ராத்திரி அழுதால் மற்ற மூன்று பேருக்கும் தெரிந்திருக்கும்.

பட்ரீசியா பென்னர் 1984-ல் எழுதிய புத்தகத்தை இப்போது நான் வகுப்பில் நடத்துகிறேன். ஒன்றும் தெரியாத புதியவள் எப்படி ஐந்து படி ஏறிக் கைதேர்ந்த நர்ஸாகிறாள் என்பதைச் சொல்கிற புத்தகம். கைதேர்ந்தவள் விதியைப் பார்த்து நடப்பதில்லை, நோயாளியைப் பார்த்ததும் அவளுக்குப் பிடிபட்டுவிடுகிறது என்கிறார் பென்னர். அந்த இடம் வரும்போதெல்லாம் நான் புத்தகத்தை விட்டுவிட்டு அக்குள் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஸ்கில் லேப் நன்றாக இருக்கிறது. ஊசி போட, டியூப் போட, பிரசவம் பார்க்கக்கூடப் பொம்மை இருக்கிறது. பிள்ளைகள் அதில் துளி நடுக்கம் இல்லாமல் செய்கிறார்கள். பொம்மை "பார்த்துப் போடு தாயி" என்று சொல்வதில்லை. வார்டுக்குப் போன முதல் வாரத்தில் அதே கைகள் நடுங்குகின்றன, தொண்ணூற்றாறில் என் கை நடுங்கியதுபோலவே. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் விதி வைத்திருக்கிறது. அந்த விதியை ஒவ்வொரு பள்ளியும் மனசோடு கடைப்பிடித்தால் போதும், பாதிக் கண்ணீர் குறையும். மீதிப் பாதிக்கு மூத்த மாணவிகளும் வார்டு சிஸ்டர்களும் வேண்டும். அதற்கான நேரத்தை அவர்களுடைய டூட்டியிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும். முப்பது நோயாளிக்கு ஒரே நர்ஸாக ஓடிக்கொண்டிருக்கிறவளிடம், ஒரு விரல் இடைவெளியில் கையை நீட்டி நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாகர்கோவில் சிஸ்டர் எனக்காகத் தன் தூக்கத்திலிருந்துதான் ஒரு மணி நேரத்தை எடுத்திருக்கிறார்கள். அதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நான் ஓமனில் இருந்தபோது அவர்கள் காலமாகிவிட்டார்கள். எனக்குச் சேதி வந்தது எட்டு மாதம் கழித்து. ஒவ்வொரு லீவிலும் நாகர்கோவில் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு லீவிலும் கல்யாணம், காதுகுத்து, வீட்டு வேலை. பழைய மெடிக்கல் வார்டு இருந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு நாலு மாடி கட்டியிருக்கிறார்கள். காற்றும் வெளிச்சமுமாக, நோயாளிகளுக்கு வசதியாகத்தான் இருக்கிறது. வராண்டா இல்லை. அம்பாசமுத்திரத்து அக்கா தன் ஊர்ப்பக்கமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறாள். போனில் பேசினால் இப்போதும், "ஏட்டி, அந்த நோட்டு இருக்கா?" என்பாள். இருக்கிறது. அவள் விட்டுவைத்த இருபது பக்கமும் நிரம்பி, அதற்கு மேல் தாள் ஒட்டியிருக்கிறேன்.

சங்கரன்கோவில்காரியைத்தான் எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு தடவை ஊருக்கே போய் விசாரித்தேன். மறு வருஷமே கட்டிக்கொடுத்துவிட்டார்கள், குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டது என்றார்கள். அதே மாதத்தில், அதே வரிசைக் கட்டிலில், இரண்டு பேர் அழுதோம். படியில் உட்கார்ந்திருந்தவள் ஒரு அக்காவின் கண்ணில் பட்டேன். போர்வைக்குள் அழுதவள் யார் கண்ணிலும் படவில்லை. என்னைவிட அவளுக்கு எட்டு மார்க் கூட.

புத்தகம் என் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இரண்டு பேர் பெயரும் அவள் கையெழுத்தில். எலும்பு, தசை, இரத்தம் என்று எல்லாப் பாடத்திலும் பென்சில் கோடும் நீலக் கோடும் சேர்ந்தே வருகின்றன. இதயத்தைப் பற்றிய பாடத்தில் மூன்றாவது பக்கம் வரைக்கும் பென்சில் கோடு இருக்கிறது. அதற்கு அப்புறம் நீலக் கோடு மட்டும்தான்.